ஏழு குழிச் சட்டியும் கால் திருப்பும்

டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பழம்பொருள் கடையில், சென்ற நவம்பர் மாதக் கடைசியில், 60 குரோனர் கொடுத்து ஒரு வார்ப்பிரும்புச் சட்டி வாங்கி வந்தேன். நடுவில் ஒன்றும் அதைச் சுற்றி ஆறுமாக ஏழு குழிகள், நீண்ட கைப்பிடி, இரண்டு கிலோவுக்குக் குறையாத எடை, குழிகளுக்குள் செம்மண் பூசியது போன்ற துரு. தூரத்திலிருந்து பார்த்த என் மனைவி குழிப்பணியாரச் சட்டி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்; கிட்டே வந்ததும், இந்த ஒரு குழிக்குள் இரண்டு பணியாரத்துக்கு உரிய மாவு போகும் போலிருக்கிறதே என்றார். அளந்து பார்த்தேன். குழியின் வாய் 5 செ.மீ., ஆழம் 2.5 செ.மீ., விளிம்பு வரை ஊற்றினால் 32 மி.லி. தண்ணீர் பிடித்தது. கணக்குப்படி சரியான அரைப்பந்து. அரைப்பந்துக் குழியிலிருந்து முழுப்பந்து எப்படி வெளியே வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன.

செய்ய நினைத்த பண்டத்தின் பெயர் ஏப்ளஸ்கீவர். டேனிஷ் மொழியில் ‘ஏப்ள’ என்றால் ஆப்பிள். ‘ஸ்கீவ’ என்றால் வில்லை. கடைசியில் நிற்கும் ‘ர்’ பன்மையைக் காட்டுவது. ஆப்பிள் வில்லைகளை மாவுக்குள் வைத்துச் சுட்ட காலத்துப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. இன்று விற்பனையில் உள்ளவற்றில் பெரும்பாலும் ஆப்பிளும் இல்லை, வில்லை வடிவமும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும், டிசம்பர் மாதத்துப் பள்ளி விழாக்களிலும் அலுவலகக் கூட்டங்களிலும், பொடித்த சர்க்கரையும் ஸ்ட்ராபெர்ரி அல்லது ராஸ்பெர்ரி ஜாமும் தொட்டுக்கொண்டு இதைச் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் பாதாமும் உலர்திராட்சையும் மிதக்கும், பட்டை கிராம்பு மணக்கும் சூடான ‘க்ளோக்’ மது இருக்கும். குழந்தைகளுக்கு அதே பானம் பழச்சாற்றில் தயாராகிறது. ஆனால் மாவு கரைத்துச் சட்டியில் சுடுகிற வீடுகள் இப்போது குறைவு. உறைய வைத்த உருண்டைகளைப் பையோடு வாங்கி ஓவனில் சூடாக்கிக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. பழம்பொருள் கடைகளில் இச்சட்டிகள் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

குழிச்சட்டியைப் பார்த்தவுடன், தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் இருந்தார்களே, பணியாரம் அங்கிருந்து கப்பலேறியிருக்குமோ என்று கேட்காத தமிழ் நண்பர் இல்லை. ஹாலந்தில் பொஃபர்ச்சஸ் சுடுவதும் குழிச்சட்டியில்தான். ஜப்பானில் தாகோயாகி, தாய்லாந்தில் கனோம் க்ரோக் என்று அடுப்புக்கு அடுப்பு இந்தக் குழி இருக்கிறது. சட்டி ஒத்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு உறவு கொண்டாட எனக்கு மனம் இல்லை. மேலும், பணியாரத்தில் பழகிய கைதான் இந்த வேலையில் எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை துருவை எடுப்பது. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, சட்டியை அதில் முழுக அமிழ்த்தி, அரை மணி நேரம் கழித்து எடுத்துக் கம்பி நாரால் தேய்த்தேன். இரவு முழுவதும் ஊறவிடலாம் என்று தோன்றும், விடக்கூடாது. துரு தீர்ந்த பிறகு அமிலம் இரும்பையே அரிக்கத் தொடங்கி, மேற்பரப்பில் சொரசொரப்பை உண்டாக்கிவிடும். இரண்டாம் முறை அமிழ்த்தித் தேய்த்ததும் சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. சோடா உப்புக் கலந்த தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தேநீர் போட்டுத் திரும்பினால், அதற்குள் குழிகளில் மெல்லிய செம்படலம் படர்ந்திருந்தது. எண்ணெய்க் காப்பு இல்லாத ஈர இரும்புக்கு அவ்வளவு நேரமே போதும். ஆகவே மறுபடியும் தேய்த்துக் கழுவி, இம்முறை உடனடியாக 100 டிகிரி ஓவனுக்குள் வைத்து உலர்த்தினேன்.

அடுத்தது, நம் வீடுகளில் தோசைக்கல்லைப் பழக்குவது என்போமே, அந்த வேலை. இங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் ராப்சீட் எண்ணெயைத் தடவி, 240 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்தேன். எண்ணெயிலுள்ள நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பிணைந்து, கழுவினாலும் போகாத கெட்டிப் படலமாக மாற வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. நான் செய்த தவறு, தாராளமாகத் தடவியதும் சட்டியை நிமிர்த்தி வைத்ததும். எண்ணெய் வழிந்து குழிகளின் அடியில் தேங்கி, வெந்து, விரலில் ஒட்டும் பிசினாகிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. இரண்டாம் முறை, தடவிய எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்து எடுத்து, இனி எண்ணெயே இல்லை என்று கண்ணுக்குத் தோன்றும் அளவில் நிறுத்தி, சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். இப்படி நான்கு சுற்று செய்ததில் கரும்பழுப்பு ஏறி, மங்கிய பளபளப்பு வந்தது. புகையும் வந்தது. ஜன்னலைத் திறந்துவைத்தும், புகை எச்சரிக்கைக் கருவி இரண்டு முறை கூவி ஓய்ந்தது.

டிசம்பர் முதல் ஞாயிறன்று மாவு கரைத்து அடுப்பை மூட்டியபோதுதான் சட்டியின் அடிப்புறத்தைக் கவனிக்கலானேன். அந்தக் காலத்து விறகு அடுப்பின் மேல்தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரும்பு வளையங்கள் இருக்கும். வேண்டிய அளவுக்கு வளையங்களை எடுத்துவிட்டால் துளை பெரிதாகும். இந்தச் சட்டியின் விளிம்பு அத்துளையின் மேல் உட்கார, ஏழு குழிகளின் அடியும் தீக்குள் தொங்க வேண்டும். அதற்காக வார்க்கப்பட்ட பொருளை, தட்டையான மேற்பரப்புள்ள என் கண்ணாடி மின்னடுப்பின் மேல் வைத்தால், குழிகளின் முனைகள் மட்டுமே தொடுகின்றன. வார்ப்பும் ஒரே மட்டமாக இல்லாததால், ஏழில் மூன்று முனைகளே உண்மையில் தொட்டன. விளைவை ஊகித்துக்கொள்ளலாம்: மூன்று குழிகளில் மாவு கருகியது, நான்கில் வெளிறிக் கிடந்தது. ஓவனில் 200 டிகிரிக்குச் சட்டியைச் சுட வைத்து எடுத்து அடுப்பில் ஏற்றியும் பார்த்தேன். முதல் ஈடு சுமாராக வந்தது. இரண்டாவது ஈட்டுக்குள் சேமித்த சூடு தீர்ந்து, பழைய கதையே திரும்பியது. தட்டையான அடியுள்ள சட்டிகள் இப்போது புதிதாக விற்கின்றன என்பதையும், அவற்றை வாங்கியிருந்தால் இந்தப் பத்தியே இருந்திராது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் ஞாயிறுக்கு, கூடாரப் பயணங்களில் பயன்படுத்தும் கைப்பெட்டி கேஸ் அடுப்பை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். வீட்டுக்குள் தீ வேண்டாம் என்று எண்ணிப் பால்கனியில் வைத்தேன். வெளியே அன்று வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்தது. தீ நீலமாக எழுந்து, சில நிமிடங்களில் மெழுகுத்திரி அளவுக்குச் சுருங்கி, அணைந்தது. உருளையில் இருந்தது பியூட்டேன். அது பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே கொதிப்பது. எரியும்போது ஆவியாகும் வாயு தன் உருளையையே மேலும் குளிர்விப்பதால், அந்தக் குளிரில் வாயு எழும்பாமல் திரவமாகவே கிடந்துவிட்டது. குலுக்கினால் உள்ளே தளும்பும் ஓசை கேட்டது, தீ வரவில்லை. முடிவில் சமையலறை ஜன்னலை அகலத் திறந்து, புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அதன் கீழேயே அடுப்பை வைத்தேன். மூடிய அறைக்குள் இவ்வகை அடுப்பை எரிப்பது கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு இடம் தரும் என்பதால், ஜன்னல் விஷயத்தில் குளிருக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது. அன்றைய சமையல் முழுவதும் குளிர்ச்சட்டையோடு நடந்தது.

சூடு சீரானதும் மாவின் குறைகள் தெரியத் தொடங்கின. நான் கடைசியில் வந்து நின்ற அளவு இது: மைதா 250 கிராம், டேனிஷ்காரர்கள் ‘கெர்னமெல்க்’ என்னும் மோர் 400 மி.லி., முட்டை மூன்று, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சோடா உப்பு முக்கால் தேக்கரண்டி, அப்போதே இடித்த ஏலக்காய் ஒரு தேக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் மேல்தோல் துருவல். இங்கே மோர் என்பது நாம் நீர் விட்டுக் கடைந்து குடிப்பது அன்று; கெட்டியானது, நன்கு புளித்தது, அட்டைப் பெட்டியில் வருவது. நம் வீட்டுத் தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்தால் ஏறக்குறைய அந்தப் பதம் வந்துவிடும். சோடா உப்பு ‘நாட்ரோன்’ என்ற பெயரில், பேக்கிங் பவுடருக்குப் பக்கத்திலேயே கடையில் அடுக்கப்பட்டிருக்கும். மோரின் புளிப்போடு சேர்ந்து கரியமில வாயுவை எழுப்புவது அதன் வேலை. முதல் வாரம் ஒன்றரைத் தேக்கரண்டி போட்டுவிட்டேன். புளிப்பால் முறிக்க முடியாமல் மிஞ்சிய சோடா, உருண்டைக்குச் சோப்பு வாடையையும் தேவைக்கு மேற்பட்ட கருநிறத்தையும் கொடுத்தது.

இந்த மாவில் காற்று ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு முன்னே அளந்த 32 மி.லி. உதவுகிறது. ஒரு குழி மாவு அரைப்பந்துக்கு உரிய அளவுதான். வெளியே எடுக்க வேண்டியதோ 65 மி.லி. கொள்ளும் முழுப்பந்து. மிச்சப் பாதியை மாவு நிரப்ப முடியாது. குமிழிகள்தான் பொங்கி நிரப்ப வேண்டும். எனவே சோடா மட்டும் போதாது. மஞ்சள் கருவை மோரிலும் மாவிலும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, சோடாவைக் கடைசி நிமிடத்தில் சேர்த்து, தனியாக நுரைக்க அடித்த வெள்ளைக்கருவை மூன்று தவணையாக, கரண்டியைக் கீழிருந்து மேலாகச் சுழற்றி, நுரை சாகாமல் மடித்துச் சேர்க்க வேண்டும். சோடாவை ஊறும்போதே போட்டால் வாயு முழுவதும் கிண்ணத்திலேயே தீர்ந்துபோகும். வெள்ளைக்கருவை முதல் வாரம் மற்றதோடு ஒன்றாக அடித்துவிட்டதால், சுட்டவை தட்டையாக, கடிக்க ரப்பராக இருந்தன. பழைய முறையில் சோடாவுக்குப் பதில் ஈஸ்ட் சேர்த்து ஒரு மணி நேரம் பொங்கவிடுவதும் உண்டு; ஒரு முறை செய்தேன். வாசனை ரொட்டியை நினைவூட்டியது, உள்ளே பஞ்சு இன்னும் இறுக்கமாக இருந்தது. எனக்கு மோரும் சோடாவும் சேர்ந்ததே பிடித்திருக்கிறது.

கொழுப்பைப் பற்றி ஒன்று. குழிகளில் வெண்ணெயை விட்டால் மணம் வரும், ஆனால் அதிலுள்ள பால்பொருள் மூன்றாம் ஈட்டுக்குள் கருகிக் கரும்புள்ளியாக ஒட்டும். நெய் ஊற்றினேன். குழிக்கு அரைத் தேக்கரண்டி. எல்லாக் கவலையும் தீர்ந்தது. வெண்ணெயைக் காய்ச்சித் தெளியவைப்பது இங்கேயும் அறியாத முறை அன்று, ஆனால் அலமாரியில் ஒரு டப்பா நெய் எப்போதும் இருக்கும் வீட்டில் பிறந்ததற்கு அன்று நன்றி சொன்னேன்.

இனித் திருப்புவதற்கு வருகிறேன். பணியாரத்தை எப்படித் திருப்புவோம்? ஓரம் வெந்து மேல்புறம் காயத் தொடங்கியதும், குச்சியால் ஓரத்தைக் கிளப்பி, ஒரே வீச்சில் தலைகீழாகக் கவிழ்ப்போம். என் கை அதையே செய்தது. ஏழும் பறக்கும் தட்டுகளாக வந்தன: கீழே வட்டக் கிண்ணம், மேலே சப்பை, இடுப்பில் ஒரு விளிம்பு. இரண்டாம் ஞாயிறும் அதே. நெய் வாசனையைக் கேட்டுக் கதவைத் தட்டிய கீழ்வீட்டு மூதாட்டி, என் தட்டைப் பார்த்து மரியாதையாக ஒன்றும் சொல்லாமல், மறுபடி கீழே போய் ஒரு உலோகப் பின்னல் ஊசியோடு திரும்பினார். கம்பளிச் சட்டை பின்னும் அதே ஊசிதான். இந்த நாட்டில் பழைய வீடுகளில் ஏப்ளஸ்கீவர் திருப்பும் கருவி அதுவே. என் கையிலிருந்த முள்கரண்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுப்பின் முன்னால் நின்றார்.

அவர் செய்தது இவ்வளவுதான். குழியை விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை நிரப்பினார். ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தார். ஓரத்தில் மெல்லிய தோல் கட்டியிருந்தது; நடுவில் மாவு இன்னும் குளம் போல் ஆடியது. நான் இரண்டு முறை ஊசிக்குக் கை நீட்டினேன். “பொறு, இன்னும் இல்லை” என்று இரண்டு முறையும் நிறுத்தினார். பிறகு ஊசியின் நுனியை ஓரத்தில் செருகி, கவிழ்க்காமல், கால் வட்டம் மட்டும் உருட்டினார். வெந்த கிண்ணம் செங்குத்தாக எழுந்து நின்றது; உள்ளே இருந்த பச்சை மாவு சரிந்து, காலியான பாதிக் குழிக்குள் இறங்கியது. அரை நிமிடம் கழித்து, வேறொரு பக்கமாக இன்னொரு கால் திருப்பு. மறுபடியும் மாவு சரிந்து இன்னொரு சுவரைக் கட்டியது. மூன்றாவது திருப்பில் வாய் மூடிக்கொண்டது. அதற்கப்பால் அடைபட்ட நீராவியும் சோடாவின் வாயுவும் உள்ளிருந்து தள்ள, உருண்டை தானாகவே உப்பி, ஊசியால் தொட்டால் குழிக்குள் சுழலும் அளவுக்கு வழவழப்பான பந்தாயிற்று.

பந்தின் மேல்பாதியைத் தருவது சட்டி அன்று என்பதை அப்போதுதான் கண்டேன். முழுதாகக் கவிழ்க்கும்போது, பச்சை மாவு முழுவதும் ஒரேயடியாகக் கீழே விழுந்து, அது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு தடிமனில் ஒரு சப்பை மூடியாக வெந்துவிடுகிறது. கால் கால் பங்காக உருட்டும்போது, அதே மாவு மெல்லிய சுவராகப் பிரிந்து, கூட்டைக் கட்டி, நடுவில் காற்றுக்கு இடம் விட்டு மூடுகிறது. நேரம் தப்பினால் இரண்டும் கெடும். முந்தித் திருப்பினால் தோல் கிழிந்து குழி முழுவதும் குழம்பாகும். பிந்தினால் சரிந்து ஓட உள்ளே ஈர மாவே மிச்சமிருக்காது. ஏழு குழிகளையும் ஒரே சமயத்தில் நிரப்பாமல், முதலில் நிரப்பியதிலிருந்து வரிசையாக, கடிகார முள் போகும் திசையில் ஊற்றி, அதே வரிசையில் திருப்பினால், கைக்கு ஒரு லயம் கிடைக்கிறது. ஓர் உருண்டைக்கு நான்கிலிருந்து ஐந்து நிமிடம். வெந்ததா என்பதற்கு ஊசியையே நடுவில் குத்திப் பார்க்கலாம். ஈரமின்றி வர வேண்டும். தீ மிதத்துக்கும் கீழே. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டிய ஒரே ஈட்டில், வெளியே வறுத்த ஏலக்காய் நிறமும் உள்ளே கூழுமாக ஏழு உருண்டைகள் வீணாயின.

மூன்றாம் ஞாயிறன்று, பெயருக்கு நியாயம் செய்ய ஆப்பிளையும் சேர்த்தேன். ஓடென்ஸ இருக்கும் ஃபுன் தீவிலேயே தோன்றிய இங்கிரித் மரி என்ற வகை அப்போது சந்தையில் இருந்தது. புளிப்பும் இனிப்பும் கலந்தது, சாறு மிகுந்தது. அந்தச் சாறுதான் சிக்கல். பச்சையாக நறுக்கிப் போட்டால், துண்டைச் சுற்றி மாவு வேகாமல் பசையாக நிற்கிறது. சுண்டுவிரல் நக அளவில் நறுக்கி, கொஞ்சம் நெய்யில் நீர் வற்றும் வரை வதக்கி, ஆறவைத்து, மாவு ஊற்றிய அரை நிமிடத்தில் குழிக்கு இரண்டு துண்டு வீதம் நடுவில் வைத்தேன். அடியில் தோல் கட்டிய பிறகு வைப்பதால், துண்டு கீழே இறங்கி ஒட்டுவதில்லை. இரண்டு துண்டுக்கு மேல் வைத்தால் பாரம் தாங்காமல் திருப்பும்போது பிளக்கிறது. சர்க்கரை சேர்த்து வதக்குவதும் வேண்டாம். கசிந்தால் குழியில் கருகிப் பிடித்துக்கொள்ளும், பழக்கிய படலத்தைச் சுரண்ட வேண்டிவரும்.

மேலே சொன்ன அளவில் நான்கு ஈடு, 28 உருண்டைகள் கிடைத்தன. கடைசி ஈட்டுக்கு நுரை அடங்கிவிடுவதால் அவை மட்டும் சற்றுச் சிறுத்திருந்தன. கீழ்வீட்டு மூதாட்டிக்குப் பத்து எடுத்துப் போனேன். ஒன்றைப் பிட்டு, உள்ளே பஞ்சைப் பார்த்து, ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்றார். அவர் வழக்கமாகச் சேர்ப்பது கடைப் பொட்டலத்துப் பொடி. நான் தோலுரித்து இடித்தது அதைப்போல் இரண்டு மடங்கு மணந்திருக்கும். குறைத்துக்கொள்ள எனக்கு எண்ணமில்லை.

மிஞ்சியவற்றை ஆறவைத்து, பையில் கட்டி உறைபெட்டியில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, இளக்காமல் அப்படியே எடுத்து 180 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்ததில், மேல்தோல் மறுபடி மொறுமொறுப்பாயிற்று. மைக்ரோவேவில் வைத்தது ஈரத் துணி போல் ஆயிற்று. சட்டியைச் சோப்புப் போடாமல் சூட்டோடு துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கைப்பிடிக்கு நேர் எதிரே உள்ள குழி மட்டும் இன்னும் ஒவ்வொரு ஈட்டிலும் முதல் உருண்டையைப் பிடித்துக்கொள்கிறது. அதன் அடியில் துரு அரித்த சிறு பள்ளம் ஒன்று விரலுக்குத் தட்டுப்படுகிறது. அந்தக் குழியை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இரண்டு சுற்றுப் பழக்க வேண்டும். பின்னல் ஊசியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.